பொம்மை நிறுவனத்தின் பிரிவு வாரிக் கணக்கைப் படிப்பது எப்படி? ஹாஸ்ப்ரோவை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் 642 கோடி டாலர் வருவாய் ஈட்டியது. அதில் இயக்க லாபம், அதாவது வட்டியும் வரியும் கழிக்கும் முன் தொழிலில் மிஞ்சியது, 76 கோடி டாலர். இந்த இரண்டு எண்களோடு நிறுத்திக்கொண்டவருக்கு அது ஒரு பொம்மைக் கம்பெனி: நெர்ஃப் துப்பாக்கி, ப்ளே-டோ களிமண், டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மோனாப்பலி எல்லாம் விற்கிறது, நூறு டாலருக்கு விற்றால் பன்னிரண்டு டாலர் மிஞ்சுகிறது, அவ்வளவுதான்.

அதே ஆண்டறிக்கையின் பின்பகுதியில், நிதிநிலை அறிக்கைகளுக்கான குறிப்புகளில், ஒரு சிறிய அட்டவணை இருக்கிறது. அதைப் பார்த்தவருக்கு வேறொரு நிறுவனம் தெரிந்திருக்கும். மொத்த வருவாயில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் தந்த ஒரு பிரிவு, மொத்த இயக்க லாபத்தில் 70 சதவீதத்துக்கும் மேலான தொகையை ஈட்டியிருந்தது. அந்தப் பிரிவின் முக்கியச் சரக்கு பிளாஸ்டிக் பொம்மை அல்ல, அச்சடித்த விளையாட்டுச் சீட்டு.

பிரிவு வாரி அறிக்கையை நான் விரும்பிப் படிப்பதற்கும், வணிகவியல் படிக்கும் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்ப வற்புறுத்துவதற்கும் காரணம் இதுதான். லாப நட்டக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கிவிடுகிறது. எது எங்கிருந்து வந்தது என்று சொல்வது பிரிவுக் குறிப்பு. அது எப்படி உருவாகிறது, அதை எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்பதை ஹாஸ்ப்ரோவின் உண்மையான எண்களை வைத்தே பார்ப்போம். மற்ற பொம்மை நிறுவனங்கள் ஒப்பிடத் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

படி 1: சரியான ஆவணத்தை எடுங்கள்

காலாண்டு முடிவு வெளிவரும் நாளில் செய்திகளில் அடிபடுவது பத்திரிகைக் குறிப்பு. அதில் பிரிவு அட்டவணை இருக்கும். ஆனால் எந்தச் செலவு எந்தப் பிரிவில் ஏற்றப்பட்டது, ஏன் ஏற்றப்பட்டது என்ற விளக்கம் முழுமையாக இருக்காது. அமெரிக்க நிறுவனங்கள் பங்குச்சந்தை ஆணையத்திடம் ஆண்டுக்கு ஒருமுறை 10-கே படிவத்தையும், மற்ற மூன்று காலாண்டுகளுக்கு 10-க்யூ படிவத்தையும் தாக்கல் செய்கின்றன. ஆணையத்தின் எட்கர் தளத்தில் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். பிரிவுக் கணக்கு இந்தப் படிவங்களில் இரண்டு இடங்களில் வரும்: நிர்வாகம் தன் சொற்களில் நிலைமையை அலசும் பகுதியில் ஒருமுறை, கணக்குக் குறிப்புகளில் ஒருமுறை. ஆண்டறிக்கையின் குறிப்புகள் தணிக்கைக்கு உட்பட்டவை, நிர்வாகத்தின் அலசல் அப்படியல்ல. முதலில் குறிப்பைப் படியுங்கள், பிறகு அலசலுக்குப் போங்கள். எண்ணைப் பார்த்துவிட்டு விளக்கத்தைக் கேட்பதும், விளக்கத்தைக் கேட்டுவிட்டு எண்ணைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

இன்னொன்றையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஹாஸ்ப்ரோவின் நிதியாண்டு டிசம்பர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையில் முடிகிறது. 2022-இல் அது டிசம்பர் 25, 2023-இல் டிசம்பர் 31. அதனால் 2023 நிதியாண்டில் 53 வாரங்கள் இருந்தன. கிறிஸ்துமஸை நம்பி வாழும் தொழிலில் ஆண்டிறுதியில் ஒரு வாரம் கூடுவதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

படி 2: பிரிவுகளைப் பிரித்தது யார் என்று கேளுங்கள்

அமெரிக்காவில் இதற்கான கணக்கியல் விதி ஏ.எஸ்.சி. 280. பன்னாட்டுத் தரத்தில் ஐ.எஃப்.ஆர்.எஸ். 8, இந்தியாவில் இண்ட் ஏ.எஸ். 108. மூன்றுக்கும் அடிப்படைக் கருத்து ஒன்றுதான்: நிறுவனத்தை நடத்துபவர் உள்ளுக்குள் எப்படிப் பிரித்துப் பார்க்கிறாரோ, வெளியாருக்கும் அப்படியே காட்ட வேண்டும். எந்தப் பிரிவுக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்று தீர்மானிப்பவரை விதி ‘முதன்மை இயக்க முடிவெடுப்பாளர்’ என்கிறது. பெரும்பாலும் அது தலைமைச் செயல் அதிகாரி. அவர் மேசைக்குத் தவறாமல் வரும் அறிக்கை நாடு வாரியாக இருந்தால் பிரிவுகளும் நாடு வாரியாக இருக்கும். தொழில் வாரியாக இருந்தால் பிரிவுகளும் அப்படியே.

எனவே பிரிவுகளின் பெயர்ப்பட்டியலே ஒரு செய்தி. பார்பி பொம்மையை விற்கும் மாட்டெல் நிறுவனம் பல ஆண்டுகள் வட அமெரிக்கா, பன்னாடு, அமெரிக்கன் கேர்ள் (ஒரு பொம்மை வரிசை) என்று மூன்றாகக் காட்டியது. 2024 முதல் அமெரிக்கன் கேர்ளை வட அமெரிக்காவுக்குள் சேர்த்து இரண்டாக்கிவிட்டது. ‘எங்கே விற்றோம்’ என்பதுதான் அங்கே முதல் கேள்வி. கனடாவின் ஸ்பின் மாஸ்டர் பொம்மை, பொழுதுபோக்கு, டிஜிட்டல் விளையாட்டு என்று பிரிக்கிறது. பா பட்ரோல் என்ற குழந்தைகள் தொடரின் நாய்க்குட்டி பொம்மையாக விற்றால் முதல் பிரிவில் வரும், தொடராக ஒளிபரப்பானால் இரண்டாம் பிரிவில் வரும். ஜாக்ஸ் பசிஃபிக் பொம்மையை ஒரு பிரிவாகவும் வேட உடைகளை இன்னொரு பிரிவாகவும் காட்டுகிறது. அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீனுக்காகக் கடைகள் முன்கூட்டியே சரக்கு எடுப்பதால், அந்த உடைப் பிரிவின் ஆண்டு பொம்மைப் பிரிவின் ஆண்டைப் போல ஓடுவதில்லை.

எல்லாப் பிரிவையும் தனியாகக் காட்டவேண்டியதில்லை. மூன்று அளவுகோல்களில் ஏதேனும் ஒன்றில் 10 சதவீதத்தைத் தொட்டால் காட்டியாக வேண்டும்: பிரிவுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் உள்விற்பனையும் சேர்ந்த எல்லாப் பிரிவுகளின் வருவாய், லாபம் அல்லது நட்டம், சொத்து. இரண்டாவதில் ஒரு நுணுக்கம் உண்டு. லாபம் ஈட்டிய பிரிவுகளின் கூட்டுத்தொகை ஒரு பக்கம், நட்டப்பட்ட பிரிவுகளின் கூட்டுத்தொகை மறுபக்கம். இரண்டில் எது பெரிதோ அதில் 10 சதவீதம். இப்படிக் காட்டிய பிரிவுகள் எல்லாம் சேர்ந்து வெளி வருவாயில் 75 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். எட்டாவிட்டால் இன்னும் பிரிவுகளைச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

படி 3: பிரிவு மாறிய ஆண்டைத் தேடுங்கள்

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். என் அனுபவத்தில் ஒரு நிறுவனத்தைப் பற்றி அதிகம் கற்றுத்தருவது இதுதான்.

ஹாஸ்ப்ரோ 2020 வரை காட்டிய பிரிவுகள்: அமெரிக்கா மற்றும் கனடா; பன்னாடு; பொழுதுபோக்கு, உரிமம், டிஜிட்டல்; உலக உற்பத்தி; இவற்றோடு 2019 டிசம்பர் இறுதியில் வாங்கிய இ-ஒன் என்ற திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம். சீட்டு விளையாட்டுத் தொழிலை, அதாவது விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தை, ஹாஸ்ப்ரோ 1999-இலேயே வாங்கிவிட்டது. ஆனால் அதன் மேஜிக் என்ற விளையாட்டின் சீட்டுக் கட்டு அமெரிக்காவில் விற்றால் முதல் பிரிவிலும், ஜெர்மனியில் விற்றால் இரண்டாம் பிரிவிலும் கரைந்துபோனது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொந்தமாக இருந்த ஒரு தொழிலின் லாப விகிதத்தை வெளியிலிருந்து பார்க்க வழியே இல்லை.

2021 முதல் பிரிவுகள் மாறின: நுகர்வோர் பொருட்கள், விசார்ட்ஸ் மற்றும் டிஜிட்டல் விளையாட்டு, பொழுதுபோக்கு. இவற்றோடு தலைமையகமும் பிறவும் என்று ஒரு வரி. பிரிவை மாற்றும் நிறுவனம் முந்தைய ஆண்டுகளின் எண்களையும் புதிய பிரிவுகளுக்கேற்பத் திருத்தி எழுதித் தர வேண்டும் என்பது விதி. எனவே சீட்டு விளையாட்டின் லாபம் பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே நாளில் வெளிச்சத்துக்கு வந்தது.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் ஆல்டா ஃபாக்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம், விசார்ட்ஸ் தொழிலைத் தனி நிறுவனமாகப் பிரிக்க வேண்டும் என்று போர்க்கொடி தூக்கியது. இயக்குநர் குழுவில் தன் ஆட்களை அமர்த்தவும் முயன்றது. அந்த ஆண்டு ஜூன் மாதப் பங்குதாரர் கூட்டத்தில் நிறுவனம் நிறுத்திய இயக்குநர்களே வென்றார்கள். விசார்ட்ஸ் பிரியவில்லை. அந்தப் பிரிவை நடத்திவந்த கிறிஸ் காக்ஸ் ஏற்கெனவே, அதே பிப்ரவரியில், முழு நிறுவனத்துக்கும் தலைமைச் செயல் அதிகாரியாகியிருந்தார். பிரிவுக் குறிப்பில் ஓர் அட்டவணை மாறினால் அதைச் சுற்றி எவ்வளவு பெரிய வாதம் எழ முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

நீங்கள் படிக்கும் எந்த நிறுவனத்துக்கும் குறைந்தது ஐந்து ஆண்டு அறிக்கைகளை எடுத்து, பிரிவுப் பெயர்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பெயர் மாறிய இடத்தில் கோடு போடுங்கள். கோட்டுக்கு இந்தப்பக்கத்து எண்ணையும் அந்தப்பக்கத்துப் பழைய எண்ணையும் நேரடியாக ஒப்பிடாதீர்கள். திருத்தி எழுதிய எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 4: ஒரு பொருளை எடுத்து அது எந்தப் பிரிவில் விழுகிறது என்று பாருங்கள்

பிரிவின் பெயரை வைத்து ஊகிப்பது ஆபத்து. மோனாப்பலியையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் அட்டைப்பெட்டியில் விற்கும் மோனாப்பலிப் பலகை நுகர்வோர் பொருட்கள் பிரிவில் வருகிறது. 2023-இல் ஸ்கோப்லி நிறுவனம் கைப்பேசிக்கு வெளியிட்ட மோனாப்பலி கோ விளையாட்டிலிருந்து ஹாஸ்ப்ரோவுக்கு வரும் உரிமத்தொகை விசார்ட்ஸ் மற்றும் டிஜிட்டல் பிரிவில் வருகிறது. பெயர் ஒன்று, பெட்டி இரண்டு. அதே ஆண்டு லாரியன் நிறுவனம் வெளியிட்ட பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டின் உரிமத்தொகையும் இங்கேதான் சேர்ந்தது.

இது ஏன் முக்கியம்? பலகையை விற்க அட்டை, அச்சு, கப்பல், கிடங்கு, கடைக்காரருக்குத் தள்ளுபடி எல்லாம் வேண்டும். உரிமத்தொகைக்கு இவை எதுவும் வேண்டாம். ஒரே சின்னத்தின் (பிராண்டின்) செலவு மிகுந்த பாதி ஒரு பிரிவிலும், செலவு குறைந்த பாதி இன்னொரு பிரிவிலும் இருக்கும்போது, இரண்டு லாப விகிதங்களையும் வைத்து ‘இந்த மேலாளர் திறமைசாலி, அந்த மேலாளர் மந்தம்’ என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

படி 5: பென்சில் எடுத்து வகுத்துப் பாருங்கள்

2021 அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்வோம். எண்கள் கோடி டாலரில். நுகர்வோர் பொருட்கள்: வருவாய் 398.16, இயக்க லாபம் 40.14. விசார்ட்ஸ்: வருவாய் 128.66, லாபம் 54.70. பொழுதுபோக்கு: வருவாய் 115.22. மூன்று வருவாயையும் கூட்டினால் 642.04. முதல் பக்கத்து மொத்தத்தோடு அப்படியே பொருந்துகிறது.

இப்போது வகுத்தல். 40.14-ஐ 398.16-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10 சதவீதம். 54.70-ஐ 128.66-ஆல் வகுத்தால் 42.5 சதவீதம். பொம்மை மூன்று மடங்குக்கும் மேல் விற்றும் சீட்டை லாபத்தில் எட்டவில்லை. இந்த ஓர் ஆண்டோடு நிறுத்தாமல் சீட்டுப் பிரிவைத் தொடர்ந்து பாருங்கள். 2022-இல் வருவாய் 132.51, லாபம் 53.83, விகிதம் 40.6. 2023-இல் வருவாய் 145.76, லாபம் 52.54, விகிதம் 36. விற்பனை ஏறிக்கொண்டே போகிறது, லாபமோ மெல்லக் குறைகிறது. ‘வருவாய் 10 சதவீத வளர்ச்சி’ என்ற தலைப்பை மட்டும் பார்த்தவருக்கு இந்தச் சரிவு தெரிந்திருக்காது. 2024-இல் விகிதம் மறுபடி 42-ஐ நெருங்கியது. ஏன் இறங்கியது, ஏன் ஏறியது என்ற கேள்வியோடு இப்போது நிர்வாகத்தின் அலசலுக்குப் போனால், அதன் ஒவ்வொரு வரியும் உங்களுக்குப் பயன்படும்.

படி 6: தலைமையகம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள்

மேலே உள்ள இரண்டு லாபங்களை மட்டும் கூட்டுங்கள்: 94.84. ஆனால் நிறுவனத்தின் மொத்த இயக்க லாபம் 76.33 தான். மீதி 18.51 கோடி டாலர் எங்கே போனது? பொழுதுபோக்குப் பிரிவின் நட்டமும், தலைமையகமும் பிறவும் என்ற வரியின் செலவும் அதைத் தின்றுவிட்டன.

வங்கிச் சரிகட்டும் பட்டியல் போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பிரிவுகளின் கூட்டுத்தொகையிலிருந்து நிறுவனத்தின் மொத்தத்துக்குப் படிப்படியாக வந்து சேர வேண்டும், நடுவில் ஒரு ரூபாயும் விடுபடக்கூடாது. அந்தப் பாதையில் நிற்பவை பிரிவுகளுக்குப் பங்கிடாத செலவுகள். மாட்டெலில் தலைமையகப் பணிகள், ஊக்கத்தொகை, பங்கு வடிவில் தரும் ஊதியம் போன்றவை இந்த வரியில்தான் இருக்கின்றன. ஹாஸ்ப்ரோ தேய்மானம் போன்ற சில செலவுகளை ஆண்டின் தொடக்கத்தில் நிர்ணயித்த நாணய மாற்று விகிதத்தில் பிரிவுகளுக்குப் பங்கிடுகிறது. உண்மை விகிதம் வேறாக இருந்தால் அந்த வித்தியாசம் தலைமையகத்தில் விழும்.

இந்த வரி ஆண்டுதோறும் வீங்கிக்கொண்டே போனால் சந்தேகப்படுங்கள். பிரிவுகளின் லாபத்தை அழகாகக் காட்ட எளிய வழி, பொதுச் செலவைப் பங்கிடாமல் தலைமையகத்திலேயே நிறுத்திவைப்பது. அது விதிமீறல் ஆகிவிடாது. ஆனால் அப்படிச் செய்யும்போது ‘42 சதவீத லாபம்’ என்பது முழுச் செலவையும் சுமந்த எண்ணாக இருக்காது. ஹாஸ்ப்ரோவே தன் குறிப்பில், ஒவ்வொரு பிரிவும் தொடர்பற்ற தனி நிறுவனமாக இருந்திருந்தால் இதே முடிவு வந்திருக்கும் என்று கொள்ளத் தேவையில்லை என எச்சரிக்கிறது. சின்ன எழுத்தில் வரும் அந்த வாக்கியத்தை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

பிரிவுகளுக்குள் நடக்கும் உள்விற்பனையும் இங்கேதான் கழிக்கப்படும். ஒரு பிரிவு தன் சின்னத்தை இன்னொரு பிரிவுக்குக் கொடுத்து ராயல்டி வாங்கினால், அது வெளியிலிருந்து வந்த பணமல்ல. அட்டவணையில் வெளி வருவாய், உள் வருவாய் என்று தனித்தனி நெடுவரிசை இருந்தால், விகிதத்துக்கு எந்த வருவாயால் வகுக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை.

படி 7: ஒருமுறை மட்டும் வரும் தொகைகளைப் பிரித்தெடுங்கள்

2023-இல் ஹாஸ்ப்ரோ 153 கோடி டாலருக்கும் மேல் இயக்க நட்டம் காட்டியது. வருவாய் 500.33 கோடி. நிறுவனம் மூழ்குகிறதா? பிரிவுகளைப் பார்த்தால் நட்டத்தின் பெரும்பகுதி பொழுதுபோக்குப் பிரிவில்: சுமார் 191 கோடி டாலர். மொத்த நட்டத்தைவிட ஒரு பிரிவின் நட்டம் பெரிது!

காரணம், இ-ஒன். ஒரு நிறுவனத்தை அதன் நிகரச் சொத்து மதிப்புக்கும் மேல் விலை கொடுத்து வாங்கினால், அந்தக் கூடுதல் தொகை நற்பெயர் என்ற சொத்தாகப் பேரேட்டில் உட்காரும். எதிர்பார்த்த வருமானம் வராது என்று தெரியும்போது அதைக் குறைத்து எழுத வேண்டும். 2023-இல் நற்பெயர் மதிப்புக் குறைப்பு மட்டும் 100 கோடி டாலரைத் தாண்டியது. இ-ஒன்னின் திரைப்பட, தொலைக்காட்சித் தொழிலை டிசம்பர் இறுதியில் சுமார் 50 கோடி டாலருக்கு லயன்ஸ்கேட்டிடம் விற்றதில் வந்த நட்டம் தனி. பெப்பா பிக் போன்ற குழந்தைகள் தொடர்களை ஹாஸ்ப்ரோ தன்னிடமே வைத்துக்கொண்டது.

மதிப்புக் குறைப்பில் அந்த ஆண்டு கையைவிட்டுப் பணம் போவதில்லை, அது முன்பே போய்விட்டது. அதற்காக ‘கணக்கேட்டு நட்டம்தானே’ என்று ஒதுக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. 2019-இல் பங்குதாரர்களின் பணத்தைக் கொடுத்து வாங்கியதன் உண்மை விலைச்சீட்டு அது. அன்றாடத் தொழிலின் விகிதத்தைக் கணக்கிடும்போது அதை விலக்குங்கள். நிர்வாகத்தின் முடிவுகளை மதிப்பிடும்போது திரும்பச் சேருங்கள்.

விற்பனையின் நிழல் அடுத்த ஆண்டிலும் விழும். 2024-இல் மொத்த வருவாய் 413.55 கோடியாக, 17 சதவீதம் சரிந்தது. பொழுதுபோக்குப் பிரிவு 65.93 கோடியிலிருந்து சுமார் 8 கோடிக்கு இறங்கியிருந்தது. மொத்தச் சரிவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, இல்லாமல் போன தொழிலின் வருவாய். மீதி பெரும்பாலும் நுகர்வோர் பொருட்களின் உண்மையான தளர்ச்சி. இரண்டையும் ஒரே சதவீதத்துக்குள் அடைத்துப் பேசினால் இரண்டுமே புரியாது.

படி 8: அதே பணத்தின் மற்ற முகங்களைப் பாருங்கள்

பிரிவு தவிர, புவிப்பகுதி வாரியாகவும் பொருள் வாரியாகவும் வருவாயைக் காட்ட வேண்டும். மொத்த வருவாயில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தரும் வாடிக்கையாளர் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். வால்மார்ட், டார்கெட், அமேசான் ஆகிய பெயர்கள் ஹாஸ்ப்ரோ, மாட்டெல் இரண்டின் ஆவணங்களிலும் திரும்பத் திரும்ப வரும். ஒரு கடைச்சங்கிலி கிடங்கிலுள்ள பழைய சரக்கைத் தீர்க்கும்வரை புதிதாக எடுக்கமாட்டேன் என்று முடிவெடுத்தால் எந்தப் பிரிவு அடிபடும் என்பதை இங்கிருந்துதான் கணிக்க முடியும்.

சின்ன வாரியான பட்டியலும் வரும். அது பிரிவு அல்ல, வருவாயை இன்னொரு கோணத்தில் வெட்டிக் காட்டும் துண்டு, அதில் லாபம் இருக்காது. 2022-இல் மேஜிக் 100 கோடி டாலரைத் தாண்டியது என்பது அந்தப் பட்டியல் சொல்லும் செய்தி. மாட்டெலில் பார்பி எப்படி விற்றது என்று அறியவும் இந்தப் பட்டியல்தான் வழி, ஏனென்றால் அங்கே பிரிவுகள் நாடு வாரியானவை. அங்கே ஒரு குழி இருக்கிறது: மாட்டெல் சின்னங்களை மொத்தப் பட்டியல் தொகையில் காட்டுகிறது. கடைக்காரருக்குக் கொடுத்த தள்ளுபடிகளைக் கழிக்கும் முன் உள்ள தொகை அது. பிரிவின் நிகர விற்பனையால் அதை வகுத்து சதவீதம் எடுக்காதீர்கள்.

படி 9: புதிதாகச் சேர்ந்த வரிகள்

அமெரிக்கக் கணக்கியல் தரக் குழு 2023 நவம்பரில் விதியைத் திருத்தியது. 2024 ஆண்டறிக்கைகளிலிருந்து, முடிவெடுப்பாளருக்குத் தவறாமல் போகும் முக்கியச் செலவுகளைப் பிரிவு வாரியாகக் காட்ட வேண்டும், முடிவெடுப்பாளரின் பதவியையும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பிரிவு உள்ள நிறுவனங்களுக்கும் இது உண்டு. முன்பு வருவாயும் லாபமும் மட்டும் தெரிந்த இடத்தில் இப்போது நடுவிலுள்ள செலவுகளும் கண்ணுக்குத் தெரிகின்றன. பழைய அறிக்கையோடு பழகியவர்கள் இந்தப் புதிய வரிகளைத் தாண்டிப் போய்விடுவதைப் பார்க்கிறேன்.

படி 10: தனியாக ஒரு காலாண்டைச் செய்து பாருங்கள்

ஹாஸ்ப்ரோவின் 2025 இரண்டாம் காலாண்டு 10-க்யூவைத் திறந்துகொள்ளுங்கள். வருவாய் சுமார் 98 கோடி டாலர். அதில் விசார்ட்ஸ் சுமார் 52 கோடி, நுகர்வோர் பொருட்கள் சுமார் 44 கோடி. சீட்டு பொம்மையை விற்பனையிலும் முந்திவிட்டது. நிறுவனம் பெரும் இயக்க நட்டம் காட்டியிருக்கும், நற்பெயர் மதிப்புக் குறைப்பாக ஏறத்தாழ 102 கோடி டாலர் எழுதியிருக்கும். அது இந்த முறை எந்தப் பிரிவில் விழுந்தது, அதை விலக்கினால் அந்தப் பிரிவு லாபத்தில் இருக்கிறதா, ஆண்டின் பெரும் விற்பனை இரண்டாம் பாதியில் நடக்கும் தொழிலுக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான எண் எவ்வளவு சொல்லும்? பென்சிலோடு உட்கார்ந்து, நிர்வாகத்தின் விளக்கத்தை மூடிவைத்துவிட்டு, உங்கள் பதிலை முதலில் எழுதுங்கள்.